கல்லூரியில் ஒரு சாவு விழுந்தது

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஏதோ கருத்தரங்காம். 'இன்றைய கல்லூரி முதல்வர்கள் எதிர்கொள்ளும் சவால்கள்' என்ற தலைப்பில் மூத்த கல்வியாளராகிய நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். மூத்தவன் என்பது சரிதான். வாயில் நான்கு பல்தான் மிச்சம். ஆனால் கல்லூரி முதல்வராக நான் இருந்தது மொத்தமே ஒன்பது நாள். அதில் எட்டு நாட்கள் ஞாபகத்திலேயே இல்லை. ஒன்பதாவது நாளைப் பற்றி மேடையில் பேசினால், சால்வை போட வந்தவர்கள் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே உடம்புக்கு முடியவில்லை என்று பதில் எழுதிப் போட்டுவிட்டேன். அந்த ஒன்பதாவது நாளை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். யுத்த காலம். ஓட்டுக் கூரை, ஆறு வகுப்பறை, ஒரு முன்வாசல் மண்டபம், அடுத்த தெருவில் ஒரு ஹாஸ்டல். இன்டர்மீடியட் வரைக்கும்தான் படிப்பு. அதற்கு மேல் பி.ஏ. படிக்கத் திருச்சிக்குப் போக வேண்டும். முக்கால்வாசிப் பையன்களின் அப்பாக்கள், "படிச்சது போதும், வயலைப் பாரு" என்று சொல்லிவிடுவார்கள். பி.ஏ. வகுப்பு கேட்டு எங்கள் பிரின்சிபால் பல்கலைக்கழகத்துக்கு ஆறு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மனமிரங்கி, ஒரு கமிஷன் நேரில் வந்து பார்க்கும் என்று எழுதியிருந்தார்கள். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் கல்லூரியை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில் பிரின்சிபாலுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் பத்தியம் இருக்கப் புறப்பட்டார். பொறுப்பை ஏற்கச் சொன்னபோது, கணக்கு வாத்தியார் தமக்கு ரத்தக் கொதிப்பு என்றார். தமிழ்ப் பண்டிதருக்குப் பிரின்சிபால் பதவி தரச் சட்டத்தில் இடமில்லை (அதை அவர் மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்). மிஞ்சியது நான். வயது இருபத்தேழு. ஆங்கில வாத்தியார். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன்தான். ஆனால் மெட்ராஸில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்ததிலிருந்து, பிறந்ததே மவுண்ட் ரோட்டில் என்பது போல நடந்துகொண்டேன். வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நிற்பேன். வண்டிக்காரர்கள் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிரின்சிபால் என்னிடம் சாவிக்கொத்தையும் முத்திரையையும் தந்தார். கடைசியாகத் தம்முடைய கறுப்புப் பட்டுக் கவுனையும் தந்தார். எம்.ஏ. பட்டம் வாங்கிய அன்று அவர் அப்பா நிலத்தை விற்றுத் தைத்துக் கொடுத்தது அது.

"கமிஷன் வருகிற அன்று போட்டுக்கொள். கசக்கிவிடாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அதிகமாகப் பேசாதே" என்றார்.

அந்தக் கடைசி அறிவுரையை நான் அப்படியே கடைப்பிடித்தேன். எல்லா நாசமும் அதனால்தான் வந்தது.

எட்டு நாள் ராஜாங்கம் நடத்தினேன். மேஜை மணியைக் காரணமில்லாமல் தட்டினேன். வந்த பியூனிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பதாவது நாள் கமிஷன் வர வேண்டிய நாள். விடியும் முன்பே சொக்கலிங்கம் வந்து கதவைத் தட்டினான். அவன் சீனியர் இன்டர் மாணவன். மாணவர் சங்கத் தலைவன். ஆறடி உயரம், குரல் அதற்கும் மேலே.

"சார், பெரிய ஐயா போயிட்டாக."

"யாரு, பிரின்சிபாலா?"

"சேச்சே, அவுக நல்லாத்தான் இருக்காக. நம்ம கோயில் காளை சார். காலேஜ் மண்டபத்துப் படியிலயே விழுந்துருச்சு."

இங்கே பெரிய ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர் அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை அது. யார் வயலிலும் மேயலாம், யாரும் அடிக்கக் கூடாது. மஞ்சுவிரட்டில் அதன் திமிலைப் பிடித்தவன் என்று ஒருவனும் கிடையாது. வயதான பிறகு, என்ன காரணமோ, கல்லூரி அதற்குப் பிடித்துப் போயிற்று. தினமும் முதல் மணி அடிக்கும்போது உள்ளே வரும். ஆபீஸ் வாசலில் படுத்து அசை போடும். நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவோம். ஒரு தடவை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரீட்சைச் சுற்றறிக்கையைத் தின்றுவிட்டது. அந்த வருஷம் எங்கள் பையன்கள் எல்லாரும் தவறான பாடத்தைப் படித்துவிட்டுப் போய் எழுதினார்கள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஊரே அங்கே கூடியிருந்தது. பெண்கள் தலையை விரித்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். ஊர்த் தலைவர் கருப்பையா அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"மண்டபத்துல விழுந்துச்சு, மண்டபத்துலதான் கெடத்தணும்" என்றார் அம்பலம். "பதினெட்டுப்பட்டிக்கும் ஆள் போயிருச்சு. எல்லா ஊரும் வந்து வேட்டி, மாலை போடணும். சாயங்காலந்தான் எடுப்போம்."

"இன்றைக்குப் பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள் அம்பலம். கொஞ்சம் பின்பக்கமாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டால்..."

அம்பலம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க அப்பாரு போனா கொல்லப்பக்கந்தான் போடுவீகளா தம்பி?"

நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"இன்னொண்ணு. எந்த எடத்துல விழுந்துச்சோ அந்த எடத்துக்குப் பெரியவுகதான் மொத வேட்டி போத்தணும். அப்பறந்தான் மத்த ஊருக்காரவுக போடலாம். இப்ப பிரின்சிபாலு நீங்கதானே?"

"இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓட்டம் பிடித்தேன்.

என் மனைவி மீனாட்சி அதே ஊர்க்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பாரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிப் புலம்பினேன்.

"இதுல என்னங்க கஷ்டம்? வாரவுககிட்ட உள்ளதைச் சொல்லுங்க. கோயில் மாடு செத்துருச்சு, இன்னைக்கு ஊரே துக்கம், நாளைக்கு வந்து பாருங்கன்னு."

"மாடு செத்ததற்குக் காலேஜ் லீவு என்று மெட்ராஸ் பேராசிரியர்களிடம் சொல்லச் சொல்கிறாயா? பட்டிக்காடு என்று நினைக்க மாட்டார்களா?"

"பட்டிக்காடுதானே?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஹாஸ்டல் சமையல்காரரிடம் ஓடினேன். கமிஷனுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அவர் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "எடுக்கிறதுக்கு முந்தி அடுப்பு மூட்டுனா ஊரு என்னைய வச்சு எரிச்சுரும் சாமி" என்றார். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு சோடாவும் தேறின.

கவுனை மாட்டிக்கொண்டு, புதுக்கோட்டை ரோட்டில் போய் நின்றேன். பதினொரு மணிக்கு வாடகைக் கார், பெட்ரோல் தட்டுப்பாட்டால் பின்னால் மாட்டியிருந்த கரியடுப்பின் புகையோடு வந்து சேர்ந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். கமிஷன் தலைவர் சரித்திரப் பேராசிரியர். உயரமானவர், சரிகைத் தலைப்பாகை, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். அவர் பேசிய ஆங்கிலம் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது போல் இருந்தது. கூட வந்தவர் கணிதப் பேராசிரியர். ஒல்லியான மனிதர், கையில் நோட்டுப் புத்தகம். யார் தும்மினாலும் அதில் குறித்துக்கொள்வார்.

அவர்களை மண்டபப் பக்கமே விடாமல், சந்து வழியாக ஹாஸ்டல் வாசிப்பு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழத்தை நீட்டினேன். அடுத்த தெருவிலிருந்து தப்பும் உறுமியும் முழங்கின. இருபது பெண்களின் ஒப்பாரி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்ன சத்தம்?" என்று தலைவர் கேட்டார். (எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் பதில் சொன்னதும் ஆங்கிலத்தில்தான்.)

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய தலைப்பாகைச் சரிகை பளபளத்தது. வாய் வேறு எதையோ சொல்லிற்று.

"கல்லூரியில் ஒரு துக்கம் சார். எங்களில் மூத்தவர் ஒருவர் இன்று காலை காலமாகிவிட்டார்."

இருவரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். தலைவர் தலைப்பாகையைக் கழற்றினார். இரண்டு நிமிஷம் மௌனம். நானும் நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

கேட்டதற்கு மட்டும் பதில். "நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே உண்டு சார். ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. முதல் மணிக்கு டாணென்று வந்துவிடுவார்."

கணிதம் குறித்துக்கொண்டது.

"என்ன பாடம்?"

"பாடம் எடுப்பதில்லை. வளாகத்தைச் சுற்றிப் பார்த்துக்கொள்வார்."

"மேற்பார்வையாளரா? மாணவர்களிடம் கண்டிப்போ?"

"பயப்படுவார்கள் சார். எதிரில் வந்தால் ஒதுங்கிவிடுவார்கள்."

"நல்லது. இந்தக் காலத்தில் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்டவர்கள்தான் தேவை" என்றார் தலைவர். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இப்படியே தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கணிதப் பேராசிரியர், "பாவம், அவருக்குக் குடும்பம்?" என்று கேட்டார்.

"கல்யாணமே ஆகவில்லை சார்" என்றேன்.

"அடடா. தனி மனிதரா?"

"தனி என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் இருக்கிறார்கள்."

பேனா நின்றது.

"கல்யாணம் ஆகவில்லை என்றீர்களே?"

"ஆமாம் சார். ஆனால் சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அவர் ஜாடையில் நாலைந்து பேரைப் பார்க்கலாம்."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தலைவர் தலைப்பாகையைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது.

"இது ஊருக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஊரார்தான் அழைத்துக்கொண்டு போவார்கள்."

"நிர்வாகக் குழு ஒன்றும் சொல்லவில்லையா?"

"குழு உறுப்பினர்கள் வீட்டுக்கும் அவர் போய் வந்தவர்தான் சார்."

கணிதப் பேராசிரியர் கடகடவென்று ஒரு பக்கம் முழுக்க எழுதினார். நான் தலைகீழாக இருந்தே படித்தேன். 'ஒழுக்கம்' என்ற ஒரு சொல்லும், அதன் அடியில் இரண்டு கோடுகளும் தெரிந்தன. ஆறு வருஷ மனு, நூற்றுச் சொச்சம் பையன்கள், காமாலையில் கிடக்கும் பிரின்சிபால் எல்லாரும் அந்த இரண்டு கோட்டுக்கு அடியில் புதைவதைக் கண்ணால் பார்த்தேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆனாலும் வாயிலிருந்து 'மாடு' என்ற சொல் மட்டும் வரவில்லை. இவ்வளவு சொன்ன பிறகு அதை எப்படிச் சொல்வது?

"இப்படிப்பட்ட ஒருவருக்காகக் கல்லூரியையே மூடி, ஊரைக் கூட்டி மரியாதை செய்கிறீர்கள். இந்தக் கல்லூரிக்கா பி.ஏ. வகுப்பு கேட்கிறீர்கள்?" என்றார் தலைவர்.

அந்த நேரம் பார்த்துச் சொக்கலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். உடம்பெல்லாம் சந்தனம்.

"சார், எங்கிட்டெல்லாம் தேடுறது? பெரிய ஐயாவைக் குளுப்பாட்டியாச்சு. கொம்புக்குச் சந்தனமும் பூசியாச்சு. வாலுக்குப் பூச் சுத்துறாக. பதினெட்டுப்பட்டியும் காத்துக்கிட்டு நிக்குது. நீங்க மொத வேட்டி போத்தாம யாரும் போத்த மாட்டேங்கிறாக. அம்பலம் கொதிச்சுப்போயி நிக்கிறாக!"

கணிதப் பேராசிரியர் வாழைப்பழத்தைக் கீழே வைத்தார்.

தலைவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கஞ்சி போட்ட ஆங்கிலம் எங்கே போயிற்றோ தெரியாது.

"கொம்புக்கா?" என்றார் தமிழில். "ஏங்க, கோயில் மாடா செத்துப்போச்சு?"

"ஆமாங்க" என்றேன்.

"அதைச் சொல்றதுக்கு ஒங்களுக்கு என்னய்யா கேடு வந்துச்சு? நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். எங்க ஊர்ல கோயில் மாடு செத்தன்னைக்கு எங்க அப்பா பச்சத்தண்ணி குடிக்கல. இங்க நான் வாழப்பழத்தை முழுங்கிக்கிட்டு, செத்த தெய்வத்தோட நடத்தையை விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

அவர் செருப்பைக் கழற்றி மூலையில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வெளியே போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மண்டபத்தில் பெரிய ஐயாவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியில் பட்டை, கழுத்து நிறைய மாலை. கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. தலைவர் அங்கவஸ்திரத்தை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனார். அம்பலம் கையை நீட்டித் தடுத்தார்.

"மெட்ராஸ் ஐயா மன்னிக்கணும். மொதல்ல எடத்துக்குப் பெரியவுக போடட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போர்த்துவதற்கு என்னிடம் வேட்டி இல்லை. கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று. இடுப்பில் கட்டியிருந்ததைக் கழற்றலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன் (பெண்கள் இருந்ததால் கல்லூரியின் மானம் அந்த அளவில் தப்பியது). அம்பலத்தின் கண் என் தோளில் நின்றது.

"அதான் பட்டு போத்திக்கிட்டு வந்திருக்காருல்ல!" என்றார். "வேட்டியவிட ஒசத்தியாத்தான் கொண்டாந்திருக்காரு. நாந்தான் தம்பிய தப்பா நெனச்சுட்டேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பாராட்டு முணுமுணுப்பு. முதல் வரிசையிலிருந்த மீனாட்சி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரின்சிபாலின் எம்.ஏ. கவுனைக் கழற்றிப் பெரிய ஐயாவுக்குப் போர்த்தினேன். திமிலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. என்னைவிட அதற்குத்தான் நன்றாக இருந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள்.

அடுத்து நடந்ததெல்லாம் சொக்கலிங்கத்தின் ராஜ்யம். மாணவர்கள் கையோடு கை கோத்து வழி அமைத்தார்கள். பதினெட்டு ஊரும் வரிசை பிசகாமல் வந்து வேட்டி போட்டன. எந்த ஊருக்கு முதல் மரியாதை என்று கிளம்பிய இரண்டு சண்டைகளை அவன் குரலாலேயே அடக்கினான். நான் எட்டு நாள் மணியைத் தட்டிச் செய்யாத நிர்வாகத்தை அவன் ஒரு பகலில் செய்தான். ஊர்வலம் புறப்பட்டபோது யாரோ ஒருவர் கணிதப் பேராசிரியர் கையில் குடையைக் கொடுத்து, "பெரிய ஐயா மேல வெயில் படாம பிடிங்க" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் கோயில் வரைக்கும் பெரிய ஐயாவை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். தலைவர் பையன்களோடு நடந்தார். நடந்துகொண்டே அவர்களைச் சரித்திரக் கேள்விகள் கேட்டார். கமிஷனின் ஆய்வு அப்படித்தான் நடந்தது.

கோயிலுக்குப் பின்னால் புதைத்து, எல்லாரும் ஊருணியில் முழுகி எழுந்த பிறகு ஹாஸ்டலில் அடுப்பு எரிந்தது. கமிஷன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து வடை பாயசம் சாப்பிட்டது. கணிதப் பேராசிரியர் நோட்டில் இரண்டு கோடு போட்ட அந்தப் பக்கத்தைக் கிழித்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே கணக்கு வாத்தியாரின் ரத்தக் கொதிப்பு இறங்கி, அவரே பொறுப்பை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகத்தின் உத்தரவு வந்தது. பி.ஏ. வகுப்புக்கு அனுமதி. மாணவர்களின் கட்டுப்பாடும் ஊரின் ஆதரவும் மெச்சத் தக்கவை என்று எழுதியிருந்தார்கள். கீழே தனியாக ஒரு வரி: பொறுப்பு முதல்வர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னார், ஆயினும் அவரிடம் மீண்டும் பொறுப்பை ஒப்படைப்பது குறித்து நிர்வாகம் யோசிப்பது நல்லது. நிர்வாகம் முப்பது வருஷம் யோசித்தது. நான் வாத்தியாராகவே ஓய்வு பெற்றேன்.

அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து திரும்பிய பிரின்சிபால் உத்தரவைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். காமாலை தெளிந்து ஆள் பாதியாக இருந்தார். "அது போகட்டும், என் கவுன் எங்கே?" என்றார்.

"புதைத்தாயிற்று சார்."

அவர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். "கசக்காமல்தானே?" என்று மட்டும் கேட்டார். அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மெட்ராஸ்காரர்களுக்கு முன்னால் ஊரை நினைத்து வெட்கப்பட்டதற்காக, அவருக்கு முன்னால் நின்றபோதுதான் உண்மையில் வெட்கப்பட்டேன்.

மீனாட்சி மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து நான் யார் இறந்த செய்தியைக் கொண்டுவந்தாலும், துக்கத்தோடு துக்கமாக, "காலு ரெண்டா, நாலா?" என்று கேட்டுவிட்டுத்தான் புடவை மாற்றப் போவாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மருமகன்கள் வந்த வருஷமே கற்றுக்கொண்டார்கள். தந்திச் சேவகன் வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து நாலு குரல் கேட்கும்.

பல வருஷங்கள் கழித்து எங்கள் பிரின்சிபால் காலமானார். நான் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி உள்ளே போனேன். மீனாட்சியும் அழுதாள். என்னைவிட அதிகமாகவே அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டுதானே?" என்றாள்.

"ரெண்டுதான்" என்றேன்.